அக்காவின் வயதில் வேலைக்குப் போனவள்

விரிப்பு மடிப்பதில் பாப்பாவை மிஞ்ச அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் கிடையாது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் மேசையில் போட்டு, ஓரத் தையலை உள்பக்கம் தள்ளி, நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் இரண்டாகவும் மடித்து, உள்ளங்கையால் ஒரே ஒரு தடவை நீவுவாள். வார்டில் நர்ஸ் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் கட்டில் முழுவதற்கும் விரிந்துவிட வேண்டும், இரண்டாவது உதறல் கூடாது என்பது அவள் கணக்கு. கிழிசலைக் கண்ணால் தேடமாட்டாள். விரல் ஓடும்போதே தெரிந்துவிடும். கிழிசல் இடது பக்கம், கறை போகாதது வலது பக்கம். நாற்பத்திரண்டு வருடமாக அந்தப் பக்கங்கள் மாறியதில்லை.

பாப்பா என்பது அவள் பெயரல்ல. வீட்டில் அக்கா கூப்பிடுவது அப்படி, அதைக் கேட்டு அக்கம்பக்கமும் அப்படியே கூப்பிடுகிறது. ஐம்பத்து நான்கு வயதுப் பாப்பா. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவளுக்கு இந்த மாதக் கடைசியோடு அறுபது முடிகிறது. அங்கே இருப்பது அவள் பெயருமில்லை. அக்காவின் பெயர், அக்காவின் பிறந்த தேதி. "பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்" என்ற சீட்டு அந்தப் பெயருக்குத்தான் வந்தது. மேற்பார்வையாளர் அதை நீட்டியபோது, பக்கத்து வீட்டுத் தபாலை வாங்குவதுபோல அவள் ஒரு நொடி கையை இழுத்துக்கொண்டாள்.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல, அவளுடைய அப்பாவின் அப்பா வரைக்கும் போகவேண்டும்.

தாத்தா செங்கல் சூளையில் வேலை செய்தவர். வாங்கிய முன்பணம் தீருவதற்கு முன்பே உயிர் தீர்ந்துவிட்டது. சூளைக்காரர் துக்கம் கேட்க வந்தவர், எட்டு வயதுப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "பையனுக்குப் பன்னிரண்டு இருக்குமே" என்றார். வீட்டிலே இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் யாராவது வயதைக் கேட்டால் அவர் கேலியாகச் சொல்லுவார்: "சூளைக் கணக்குல நாப்பது. எங்கம்மா கணக்குல முப்பத்தாறு. உங்களுக்கு எது வசதி?" அவரைப் பொறுத்தவரை வயது என்பது உடம்பில் இருப்பதல்ல. வேலை கொடுக்கிறவன் கேட்கிற அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொள்ளும் சட்டை.

அப்பா பிறகு மரக்கடையில் சுமை தூக்கினார். பாப்பாவுக்கு மூன்று வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒன்பது வயது அக்காதான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தது, சோறு வடித்தது, சண்டை போட்டது எல்லாம். பாப்பாவுக்குப் பன்னிரண்டு நடந்தபோது ஒரு மரத்தண்டு சரிந்து அப்பாவின் முழங்காலை நசுக்கியது. மரக்கடையில் இரண்டு வாரம் பார்த்தார்கள், மூன்றாவது வாரம் வேறு ஆள் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது அந்தச் சமயத்தில்தான். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தெய்வமே கதவைத் திறந்ததுபோல இருந்தது. ஆனால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. போகவேண்டிய நாளன்று காலையில் மூச்சு விடவே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நீராவிக்குள்ளே நின்று வேலை செய்கிற இடத்துக்கு இழுப்புக்காரியை எடுப்பார்களா?

அப்பா சுவரோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் அக்காவின் பிறப்புச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு அக்காவின் உடுப்பைப் போட்டுவிட்டு, ஊன்றுகோலோடு கிளம்பினார். போகிற வழியெல்லாம் அவளுடைய புதுப் பெயரை அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே போனார்.

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குப் பதினெட்டா?"

"சாப்பாடு பத்தாத பதினெட்டுங்க," என்றார் அப்பா.

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் எடுத்துக்கொண்டார் என்றுதான் பாப்பா இன்றைக்கும் நினைக்கிறாள்.

மிச்சமிருந்த பாப்பாவின் சான்றிதழ் அக்காவுக்கு வந்தது. வேறென்ன செய்வது, ஒரு வீட்டில் ஒரு தாள் இரண்டு பேருக்கு ஆகாதே. இப்படித்தான் மூத்தவள் தாளில் இளையவளானாள், இளையவள் மூத்தவளானாள். வேலை முடிந்ததும் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. பாத்திரம் இரவல் வாங்கினதுபோலத்தான் அப்போது பேசிக்கொண்டார்கள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலே உட்கார்ந்து தையற்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். பாப்பாவுக்கு ஒரு பாரவண்டி ஓட்டுநரோடு கல்யாணம் ஆனது. மகள் பிறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். அப்போது பாப்பாவுக்கு முப்பத்தைந்து, தாளில் நாற்பத்தொன்று. "இந்த வயசுல முதல் பிள்ளையா" என்று டாக்டர்கள் பதறி, அவளைத் தனிக்கட்டிலில் போட்டு நாளுக்கு நாலு தடவை சோதித்தார்கள். இரவல் வயதால் அவளுக்குக் கிடைத்த ஒரே சொகுசு அது. பிள்ளை பிறந்தது மதியம் இரண்டு நாற்பதுக்கு. நிமிடம்வரைக்கும் வயது சரியாக எழுதப்பட்ட முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். தாயின் பெயர் என்ற இடத்தில் மட்டும் பெரியம்மாவின் பெயர்.

மகளுக்கு ஐந்து வயதில் ஓட்டுநர் சாலை விபத்தில் போய்விட்டார். இன்றைக்கு மகளுக்குப் பத்தொன்பது. அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் முதல் வருடம் முடித்திருக்கிறாள். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு விடுதி இலவசம், கட்டணத்தில் பாதி தள்ளுபடி, தாயோ தகப்பனோ வேலையில் இருக்கிற வரைக்கும். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பாப்பாவுக்கு வேலை பாக்கி இருபத்தாறு நாள்.

சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"அறுபது முடிஞ்சிடுச்சா எனக்கு," என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "என் தாள் எனக்கே வந்துடும். இனிமே மூச்சு டாக்டர்கிட்ட வரிசையில நிக்க வேண்டாம்டி. அறுபது தாண்டினவங்களுக்குத் தனி வழி. மருந்தும் சும்மா."

அக்கா இதற்காகக் காத்திருந்தாள் என்று பாப்பாவுக்குத் தெரியும். எத்தனை நாளாக என்பதுதான் தெரியவில்லை. நாலு நாளைக்கு வரும் மூச்சு மருந்தை ஏழு நாளைக்கு இழுத்துக்கொண்டிருந்தவள் அவள். பாப்பா விடுதிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், மென்று முழுங்கிவிட்டாள்.

உண்மையைச் சொல்லி வயதைத் திருத்திக்கொள்ளலாமா என்று முதலில் யோசித்தாள். ஆறு வருடம் கூடுதல் வேலை. ஆனால் உண்மை என்று ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் முழுதாகச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதில் அடுத்தவள் தாளைக் காட்டிச் சேர்ந்தவள் என்றால் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். மகளும் ஊழியரின் பிள்ளை இல்லையென்று ஆகிவிடும். வயதை மட்டும் திருத்தி, பெயரைத் தொடாமல் விட வழி இருக்குமா? அதற்கு ஏதாவது சாட்சி வேண்டுமே. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பள்ளியில் பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அதில் இருந்தது. அதன்மேல் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தாள். ஆனால் எதிரே இருந்த தேதி அவளுக்குத் தெரிந்த தேதியில்லை. அந்தக் கணக்குப்படி அவளுக்கு ஐம்பத்தாறு.

"தப்பா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"தகப்பனார் சொன்னதை எழுதியிருக்காங்கம்மா," என்றார் பள்ளிக்கூடத்து அலுவலர்.

பள்ளியில் மதியச் சாப்பாடு போட்ட காலம் அது. ஆறு வயதில் சேர்க்கவேண்டியவளை நாலு வயதிலேயே சாப்பாட்டுக்கு அனுப்ப அப்பா இரண்டைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அல்லது பள்ளியில் சொன்னதுதான் உண்மையோ? சான்றிதழ் எழுதும்போது எதற்காவது இரண்டைக் குறைத்தாரோ? பேருந்தில் திரும்பி வரும்போது அறுபது, ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. கேட்க அப்பா இல்லை. இருந்தாலும், உங்களுக்கு எது வசதி என்றுதான் கேட்டிருப்பார்.

மறுநாள் ஆபீஸ் கிளார்க்கிடம் போய் நின்றாள். நல்ல மனிதர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"என் பிறந்த தேதி தப்பா இருக்குங்க," என்றாள்.

"எல்லாருக்கும் கடைசி மாசத்துலதாம்மா தப்பா இருக்கறது தெரியவருது," என்றார் அவர். ஆனாலும் கோப்பை எடுத்தார். "சரியான தேதி என்ன, சொல்லுங்க."

பாப்பா தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்த ஒரே தேதியைச் சொன்னாள். கிளார்க் எழுதப் போனவர், பேனாவை நிறுத்திவிட்டுக் கோப்பில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா கொடுத்த குடும்ப விவரம். அதில் தங்கை என்று ஒருத்தி, அவளுக்கு ஒரு தேதி.

"இது உங்க தங்கச்சி பிறந்த தேதியாச்சே," என்றார். நிமிர்ந்து பார்த்தார். "ரெட்டையா?"

பாப்பாவின் தலை ஆடிவிட்டது. அவளைக் கேட்காமலே ஆடியது.

"அப்போ சரி. தங்கச்சின்னு இருக்கறதை எழுத்துப் பிழைன்னு போட்டுடலாம். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் பிறந்தவங்கன்னு கையெழுத்துப் போட்டா மேலே அனுப்பறேன். சேர்ந்தப்போ என்ன வயசுன்னு மேலே யாரும் கழிச்சுப் பார்க்கமாட்டாங்க. ஆறு வருஷம் கிடைக்கும்மா உங்களுக்கு."

மேசைக்குத் திரும்பி வந்து அன்றைக்கு அவள் மடித்த விரிப்புகளில் ஓரத் தையல் வெளியே தெரிந்ததாக மறுநாள் வார்டிலிருந்து புகார் வந்தது. முதல் புகார்.

வீட்டில் அக்கா பொத்தான்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காக மகளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். பாப்பா தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள், துணி மாற்றினாள், வேறு சாக்கு இல்லாததால் சொன்னாள்.

"ரெட்டையா?" என்றாள் அக்கா.

"அவர் கேட்டாருக்கா. தலை தானா ஆடிடுச்சு."

"தலை ஆடறதுக்கு முன்னாடி வாயைத் தொறந்திருக்கலாமே."

"வாயைத் தொறந்தா வேலை போயிடும். இவ படிப்பும் போயிடும்."

அக்கா ஊசியை நூலோடு திண்டில் குத்தி வைத்தாள். "நாப்பத்திரண்டு வருஷமா நான் நீயா இருக்கேன். சரின்னு இருந்தேன். இந்த மாசம் என் பேரு எனக்கு வரும்னு பார்த்தா, இப்போ உன்னோட ஒரே நாள்ல பொறக்கணுமா நான்? நடுவுல இருந்த ஆறு வருஷத்தை எங்கடி கொண்டுபோய் வெக்கறது?"

பாப்பா கீழே உருண்டு கிடந்த ஒரு பொத்தானை எடுத்து நீட்டினாள்.

"உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. ரெட்டைன்னா யாரு யாரைத் தூக்கினது? கேட்டியா அந்த ஆளை?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை அன்றுவரை தெரியாது. "ஒரு நிமிஷம் இருங்க. எல்லா ஃபாரத்துலயும் அம்மா பேருன்னு நான் எழுதறது பெரியம்மா பேரா?"

"ஆமாம்," என்றாள் அக்கா. "தாள்ல நீ என் பொண்ணு. மதிப்பெண் குறைஞ்சா மட்டும் அவ பொண்ணு."

மகள் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு வருஷம் நிறுத்திட்டு எங்கேயாவது வேலைக்குப் போறேன். அப்புறம் படிக்கறேன். தையற்கடைக்கு அடுத்த தெருவுல துணிக்கடையில ஆள் கேக்கறாங்க. இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணுமாம். பத்தொன்பதுன்னு எவன் கண்டுபிடிக்கப் போறான், இருபத்தொண்ணுன்னு சொன்னா ஆச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய பொத்தான் ஒன்றைச் சின்னதுகளோடு போட்டு, அதைத் திரும்ப எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குடி உன் கிளார்க் வருவாரு?" என்று கடைசியில் கேட்டாள்.

"பத்து மணிக்கு. ஆனா அக்கா, நீ வேண்டாம்னா..."

"நான் என்ன வேணும்னா சொன்னேன்? மணி கேட்டேன்."

திங்கட்கிழமை ஆபீஸ் படியேறும்போது அக்கா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கிளார்க் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்காவையும் பாப்பாவையும் பார்த்தார். ஒருத்தி ஒடிசல், நரை, வளைந்த முதுகு. இன்னொருத்திக்கு நீராவியில் வெந்து சிவந்த உருண்டைக் கை.

"முக ஜாடை அவ்வளவா இல்லையே," என்றார்.

"சோறு சமமாக் கிடைக்கலைங்க," என்றாள் அக்கா. அப்பாவின் பேச்சு அச்சாக அப்படியே வந்து விழுந்ததில் பாப்பா திடுக்கிட்டுப் போனாள்.

கிளார்க் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தேதி. ஒரு கட்டத்தில் நிறுத்தினார். "இரட்டையர்ல மூத்தவர் யாருன்னு ஒரு கேள்வி இருக்கு. இது சும்மா ஒரு இடம்தான், எதை வேணா எழுதலாம்."

"சும்மா இல்லைங்க," என்றாள் அக்கா. "நான் மூத்தவ. அரை மணி நேரம்."

"அரை மணியா?"

"முக்காலுக்கு மேல இருக்கும். அரைன்னே எழுதுங்க, அதிகமாச் சொல்லக்கூடாது."

கிளார்க் எழுதினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் எழுதியதை வரிவரியாகப் படித்து, ஓரிடத்தில் விட்டுப்போன புள்ளியைக் காட்டி வைக்கச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, நிதானமாக. பாப்பாவும் போட்டாள். மேலிடத்தில் ஒத்துக்கொண்டால் உத்தரவு பத்து நாளில் வரும், மகள் தொடர்ந்து படிக்கலாம் என்றார் கிளார்க்.

வெளியே வந்து நடைவழியில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மூச்சு சீராக வேண்டியிருந்தது. பாப்பாவின் மனசுக்குள் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது.

"அக்கா, நீ மூத்தவன்னு அவர் எந்தப் பேரை எழுதினாரு?"

"என் பேரைத்தான். நான் கையெழுத்துப் போட்ட பேரை."

"அது என் பேருக்கா."

அக்கா யோசித்தாள். "அப்போ நீதான் மூத்தவளா?"

"தாள்ல உன் பேரு இளையவ. அது நான். ஆனா ஆளு நீதானே சொன்னே."

"சொன்னது நான்தான்."

"அதான் கேக்கறேன். அந்த அரை மணி யாருக்குப் போச்சு?"

அக்கா விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், திரும்ப முதலிலிருந்து மடக்கினாள். பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வெவ்வேறு விடை வந்தது. சலவைக்கூடத்தில் இரண்டாம் சுற்றுக்கு மணி அடித்தது. பாப்பா எழுந்திருக்கவில்லை.

"இரு, இரு," என்றாள் அக்கா. "நான் சொல்றேன். முதல்ல நான் பொறந்தேன். அதுல சந்தேகம் இல்லையே?"

"இல்லை," என்றாள் பாப்பா. சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பதிவேடு நினைவுக்கு வந்து, இல்லையா என்று தனக்குள்ளே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்.